புறநகர் கஃபேயில் ரிமோட் வேலை: எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம்

வரைபடச் செயலியில் 4.7 நட்சத்திரம். படங்கள் அழகு, பாராட்டுகள் நூற்றுக்கணக்கில். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் அரை மணி நேரம்கூட வேலை ஓடவில்லை. அதே புறநகரில் இரண்டு தெரு தள்ளி, 3.9 வாங்கிய சாதாரணக் கடை ஒன்று. அங்கே நான்கு மணி நேரம் போனதே தெரியவில்லை. ரிமோட்டில் வேலை செய்யும் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. அடுத்த முறை இன்னும் அதிக நட்சத்திரம் உள்ள கடையைத் தேடிப் போய் மறுபடியும் ஏமாறுகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் எளிது. நட்சத்திரம் வேறு ஒரு கேள்விக்கான பதில். காபி எப்படி, கவனிப்பு எப்படி, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு போனால் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அது சொல்லும். செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு அந்த வைஃபை எப்படி ஓடும், பக்கத்து மேசைப் பேச்சு எவ்வளவு தெளிவாகக் காதில் விழும், மூன்றாவது மணி நேரத்தில் கவுன்டரில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்பதெல்லாம் அதில் கிடையாது. வேலைக்கு ஏற்ற கடை என்பது ஒரு முகவரி மட்டும் அல்ல, முகவரியோடு ஒரு நேரமும் சேர்ந்தது. ஒரே கடை காலை 10-க்கு நூலகம் போலவும் மாலை 4-க்குப் பள்ளிக்கூட வாசல் போலவும் இருக்கும். புறநகரில் இந்த ஏற்ற இறக்கம் நகர மையத்தைவிட அதிகம். அது ஏன் என்று புரிந்தால் தேடுவது பாதி சுலபமாகிவிடும்.

கடை விற்பது காபியையா, நாற்காலியையா?

உணவக நிர்வாகத்தில் இருக்கை நேரம் என்று ஓர் அளவு உண்டு. 30 நாற்காலி உள்ள கடை 12 மணி நேரம் திறந்திருந்தால் அதனிடம் விற்பதற்கு 360 இருக்கை மணி நேரம் இருக்கிறது. ஒவ்வொரு இருக்கை மணி நேரத்துக்கும் எவ்வளவு வருமானம் வருகிறது என்று கணக்கிடும் முறையை, 1990-களின் கடைசியில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷெரில் கைம்ஸ் உணவகங்களுக்காக வகுத்தார். விமானமும் ஹோட்டலும் காலி இடத்தைப் பார்க்கும் அதே பார்வைதான். இன்று விற்காத நாற்காலியை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது.

இந்தக் கணக்கில் லேப்டாப் ஆசாமி யார்? சனிக்கிழமை காலை 11 மணிக்கு வாசலில் ஆள் காத்திருக்கும்போது அவர் ஒரு காபியோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால், அந்த மேசையில் அடுத்தடுத்து வந்திருக்க வேண்டிய நாலைந்து பில்களைத் தின்றுவிடுகிறார். அதே ஆள் செவ்வாய் பகலில், 22 நாற்காலி காலியாகக் கிடக்கும்போது வந்தால் கடைக்கு நஷ்டம் ஏதும் இல்லை. சொல்லப்போனால் லாபம். காலிக் கடைக்குள் நுழைய யாரும் யோசிப்பார்கள்; உள்ளே நாலு பேர் தெரிந்தால் அந்தத் தயக்கம் குறையும். ஆக, ஆள் அவரேதான், காபியும் அதேதான். பாரமா விருந்தாளியா என்பதைக் கடிகாரம் முடிவு செய்கிறது.

நகர மையத்தில் வாடகை அதிகம், அலுவலகக் கூட்டம் பகல் முழுக்கக் கொஞ்சமாவது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அங்கே காலி நாற்காலி அபூர்வம், கடைக்காரர் பொறுமையும் கம்மி. புறநகரில் பொதுவாக இடம் பெரிது, கூட்டம் அலையலையாக வரும், இரண்டு அலைக்கு நடுவே வெறிச்சோடிவிடும். அந்த வெறிச்சோடிய நேரம்தான் ரிமோட் வேலைக்காரருக்கு உரியது. நல்ல புறநகர்க் கடையைத் தேடுவது என்றால், கடைக்காரரே யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்று நினைக்கும் நாற்காலியைத் தேடுவது.

இதில் ஒரு சின்ன முரண் உண்டு. வீடு முதல் இடம், வேலை செய்யும் இடம் இரண்டாவது, இரண்டும் அல்லாமல் மனிதர்கள் சும்மா கூடிப் பேசும் இடம் மூன்றாவது என்ற கருத்தைப் பரப்பியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க். புறநகர்களில் இந்த மூன்றாவது இடம் இல்லை என்பது அவருடைய பெரிய குறை. இப்போது புறநகரில் கடை வந்துவிட்டது. நாம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போய் அதை இரண்டாவது இடமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். லேப்டாப்புக்குக் கட்டுப்பாடு விதிக்கும் கடைக்காரரைக் கஞ்சர் என்று திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

புறநகர்க் கடையின் ஒரு நாள்

இடத்துக்கு இடம் நேரம் மாறும், அலைகளின் வரிசை பெரிதாக மாறாது.

1. திறந்ததும் வரும் அலை. வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். வரிசை நீளமாக இருக்கும், நாற்காலிகள் காலியாக இருக்கும். சத்தம் அதிகம், ஆனால் இடத்துக்குச் சண்டை இல்லை.

2. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பெற்றோர் கூட்டம். பெரிய மேசைகள் போய்விடும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும்.

3. அதற்கும் மதிய உணவுக்கும் இடைப்பட்ட நேரம். பெரும்பாலான புறநகர்க் கடைகளில் நாளின் சிறந்த பகுதி இதுதான். கவனம் தேவைப்படும் வேலையை இங்கே வைத்துக்கொள்ள வேண்டும்.

4. மதிய அலை. உணவும் விற்கிற கடையில் இந்த நேரத்தில் நான்கு பேர் மேசையை ஒற்றை ஆள் பிடித்துக்கொண்டிருப்பது அழகல்ல. காபி மட்டும் விற்கும் கடையில் இந்த அலை கிட்டத்தட்ட தெரியவே தெரியாது.

5. மதியத்துக்குப் பின் பள்ளி விடும் வரை இரண்டாவது அமைதி. தூக்கம் வரும் நேரம். மின்னஞ்சல், கணக்கு, படிவம் போன்ற லேசான வேலைகளுக்குச் சரி.

6. பள்ளி விட்டதும் எல்லாம் முடிந்தது. மூட்டை கட்டிவிடலாம்.

வார இறுதியை இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அது வேறு கடை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புறநகர்க் கடைகள் சீக்கிரம் மூடும். மாலை வரை திறந்திருக்கும் என்று நம்பிப் போனால், மூன்று மணிக்கே நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்க ஆரம்பிப்பார்கள். திறந்திருக்கும் நேரத்தைச் செயலியில் பார்த்தால் போதாது. சமையலறை எப்போது மூடும், ஊழியர்கள் கூட்டிப் பெருக்க எப்போது தொடங்குவார்கள் என்பதை ஒருமுறை நேரில் போனால்தான் தெரியும்.

வைஃபை: கோடு முழுசா இருக்கிறது, வீடியோ கால் ஏன் உறைகிறது?

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வருவோம்.

கடையில் இணையம் என்பது இரண்டு தனித்தனித் துண்டு. லேப்டாப்பிலிருந்து ரௌட்டர் வரை காற்றில் போவது ஒன்று. ரௌட்டரிலிருந்து வெளியே போகும் கம்பி மற்றொன்று. திரையில் தெரியும் வைஃபை கோடுகள் முதல் துண்டை மட்டுமே காட்டும். கோடு நிறைய இருந்து இணையம் படுத்துக் கிடந்தால் கோளாறு இரண்டாவதில். இதைத் தெரிந்துகொள்ளாமல் இடம் மாற்றி மாற்றி உட்காருவதில் பயன் இல்லை.

நகரத்துக்கும் புறநகருக்கும் இந்த இரண்டு துண்டும் பல நேரங்களில் தலைகீழ். நகர மையத்தில் கம்பி பெருசு, காற்றில் நெரிசல். ஒரே கட்டடத்தில் ஐம்பது ரௌட்டர்கள் ஒன்றின் மேல் ஒன்று கத்திக்கொண்டிருக்கும். புறநகரில் காற்று காலி, கம்பி சின்னது.

கம்பியில் எதைப் பார்ப்பது? வேகத்தை வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்வார்கள். சுருக்கினால் எம்.பி.பி.எஸ்.; தமிழில் எழுதினால் மருத்துவப் படிப்பு மாதிரியே இருக்கும், அதனால் இங்கே மெகாபிட் என்றே வைத்துக்கொள்வோம். விளம்பரங்களில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகத்தை. வீடியோ காலுக்கு முட்டுக்கட்டை பதிவேற்ற வேகம், அதாவது நம் முகமும் குரலும் வெளியே போகும் வேகம். குரல் மட்டும் என்றால் 0.1 மெகாபிட் போதும். 720 வரி வீடியோவுக்குச் சுமார் 1.2 முதல் 1.5 மெகாபிட், 1080 வரிக்கு 3 முதல் 4 மெகாபிட் வேண்டும். பழைய செம்புக் கம்பியிலும் கேபிள் இணைப்பிலும் பதிவேற்றம் பதிவிறக்கத்தில் சின்னப் பங்குதான். ஃபைபர் இணைப்பில்தான் இரண்டும் சமமாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். பதிவேற்றம் மொத்தமே 5 மெகாபிட் உள்ள கடையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் இருந்தால் கணக்கு முடிந்தது. கடையின் கண்காணிப்பு கேமராக்கள் படத்தை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால், அதுவும் அதே சின்னக் குழாயில்தான் போகிறது.

வேகம் இருந்தும் கால் உறைவதற்கு இன்னொரு காரணம் தாமதம். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிவினாடிக்குள் ஆனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டு அளவு. அதைத் தாண்டத் தாண்ட, ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழுவார்கள், ‘நீங்க சொல்லுங்க’, ‘இல்ல இல்ல நீங்க சொல்லுங்க’ என்று தொடங்கிவிடும். யாராவது பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்கினால் ரௌட்டருக்குள் வரிசை நீண்டுவிடும். பலசரக்குக் கடையில் ஒரே ஒரு தீப்பெட்டியோடு நிற்கும் நமக்கு முன்னால் மாதச் சாமான் வண்டி நிற்பது மாதிரி. நம்முடைய சின்னக் குரல் துணுக்கு அந்த வண்டிக்குப் பின்னால் காத்துக் கிடக்கும்.

ஆகவே சோதிக்கும்போது வேகத்தை மட்டும் பார்க்காமல் சுமையின்போது, அதாவது இணைப்பு நிரம்பி ஓடும்போது, ஏற்படும் தாமதத்தையும் பார்க்க வேண்டும். ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் கூடுதல் விவரம் என்பதைத் தட்டினால், சுமை இல்லாதபோது ஒன்று, சுமையின்போது ஒன்று என இரண்டு தாமத எண்கள் வரும், பதிவேற்ற வேகமும் வரும். முதல் எண் 20 மில்லிவினாடி, இரண்டாவது 400 என்று இருந்தால் அந்தக் கடையில் மின்னஞ்சல் பார்க்கலாம், வீடியோ மீட்டிங்கை நம்ப முடியாது. பதிவேற்றம் 10 மெகாபிட், சுமையிலும் தாமதம் 100-க்குள் என்றால் தைரியமாக உட்காரலாம்.

காற்றுத் துண்டைப் பற்றி மூன்று விஷயம் போதும்.

1. கடையின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயரில் தெரிந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் கசியும். ஒவ்வொரு முறை கவுன்டருக்குப் பின்னால் எதையாவது சூடாக்கும்போதும் கால் திணறினால், சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

2. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும் தெம்பு குறைவு. ரௌட்டர் இருக்கும் அதே அறையில் உட்காருவது நல்லது. தோட்டத்து மேசை கண்ணுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

3. ஒரே தடத்தில் இருக்கும் கருவிகள் எல்லாம் முறை வைத்துத்தான் பேசும். தூரத்தில் இருக்கும் கருவி மெதுவாகப் பேசும், அதனால் நேரம் அதிகம் எடுக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். ரௌட்டருக்கு அடியிலேயே உட்கார்ந்தும் வேகம் குறைகிறதென்றால் வெளியே மரத்தடியில் யாரோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி. 2010-இல் ஃபயர்ஷீப் என்ற சின்ன பிரவுசர் நீட்டிப்பு வந்தது. கஃபே வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் சமூக ஊடகக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடியும் என்று அது பகிரங்கமாகக் காட்டியது. அதற்குப் பிறகு தளங்கள் பெரும்பாலும் மறையாக்கத்துக்கு (தகவலைப் பூட்டி அனுப்பும் முறைக்கு) மாறிவிட்டதால் அன்றைய பயம் இன்று அதே அளவில் இல்லை. இன்றைக்கு ஆபத்து மூன்று வழியில் வருகிறது. கடையின் பெயரையே வைத்துக்கொண்டு யாரோ ஓட்டும் போலி வைஃபை முதலாவது. தளம் நம்பத்தக்கதல்ல என்று பிரவுசர் காட்டும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தும் ‘பரவாயில்லை, தொடரு’ என்று தட்டிவிடும் நம் அவசரம் இரண்டாவது. மூன்றாவது, திரையை எட்டிப் பார்க்கும் கண். நெட்வொர்க் பெயரைக் கவுன்டரில் கேட்டு உறுதி செய்துகொள்வதும், நிறுவனம் வி.பி.என். (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி அனுப்பும் செயலி) கொடுத்திருந்தால் அதைப் போட்டுக்கொள்வதும் போதும். கடையின் உள்நுழைவுப் பக்கம் திறக்க மறுத்தால், வி.பி.என்.-ஐ நிறுத்தி, உள்ளே நுழைந்தபின் மறுபடி போட வேண்டும். ‘இந்தக் கடை வைஃபை வேலையே செய்யலை’ என்ற புகார்களில் சில இதனால் வருவதுதான்.

சத்தம்: காலிக் கடை அமைதியான கடை அல்ல

கஃபே இரைச்சலில் மூளை நன்றாக ஓடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு மூலம் 2012-இல் ரவி மேத்தாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. 50 டெசிபலைவிட 70 டெசிபல் மிதமான இரைச்சலில் படைப்புச் சிந்தனை சார்ந்த பணிகளை மக்கள் நன்றாகச் செய்தார்கள். 85 டெசிபலில் அந்தப் பலன் போய்விட்டது. கவனிக்க வேண்டியது, அது புது யோசனை தேடும் பணிகளுக்குக் கிடைத்த முடிவு. கணக்குச் சரிபார்ப்பதற்கோ ஒப்பந்த வாசகத்தைப் படிப்பதற்கோ அதை அப்படியே பொருத்த முடியாது.

அதைவிட முக்கியம், எவ்வளவு சத்தம் என்பதல்ல, என்ன சத்தம் என்பது. புரியாத முணுமுணுப்பு தொந்தரவு செய்யாது. புரிகிற பேச்சு செய்யும். மூளை கேட்காமலேயே அதைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. 2010-இல் கார்னெல் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: இருவர் பேசுவதைக் கேட்பதைவிட, தொலைபேசியில் ஒருவர் மட்டும் பேசும் பாதி உரையாடலைக் கேட்பது கவனத்தை அதிகம் சிதைக்கிறது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததே காரணம்.

இதைப் புறநகருக்குப் பொருத்திப் பார்த்தால் விசித்திரமான ஒரு முடிவு கிடைக்கும். நிரம்பிய கடையில் இருபது பேச்சுகள் கலந்து ஒன்றும் புரியாத இரைச்சலாகிவிடும். காலிக் கடையில் அப்படி மறைக்க எதுவும் இல்லை. பத்து அடி தள்ளி இருவர் தங்கள் மைத்துனரைப் பற்றிப் பேசினால் அவர் குடும்பக் கதை முழுவதும் நம் காதுக்கு வரும். பின்னணியில் மெல்லிய இசை ஓடும் காலிக் கடை, எதுவும் ஓடாத காலிக் கடையைவிட வேலைக்கு நல்லது என்று சொல்வது அதனால்தான்.

அறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் சேரும். கண்ணாடிச் சுவர், சிமெண்டுத் தரை, உயரமான வெறும் கூரை: படத்தில் அள்ளும், ஒலி பட்டுப் பட்டுத் திரும்பும். கூட்டம் சேரச் சேர ஒவ்வொருவரும் தன் குரல் கேட்க வேண்டுமே என்று இன்னும் உரக்கப் பேசுவார்கள். இந்தப் பழக்கத்தை 1911-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லொம்பாரின் பெயரிலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. புத்தக அலமாரி, திரைச்சீலை, துணி இருக்கை, தாழ்ந்த மரக்கூரை உள்ள கடைகள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். 3.9 நட்சத்திரக் கடையின் பழைய சோபா இங்கேதான் கைகொடுக்கிறது.

இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் இருக்கிறதே என்றால், அது ஏ.சி., ஃப்ரிட்ஜ் போன்ற தாழ்ந்த, சீரான ஒலியைத்தான் நன்றாக அடக்கும். பேச்சை அந்த அளவு அடக்காது. சில சமயம் பின்னணி உறுமல் போய்விட்டதால் பேச்சு இன்னும் தெளிவாகவே கேட்கும்.

மேசை, பிளக், வெளிச்சம்

இவற்றில் பெரிய ரகசியம் இல்லை. வேலை மேசையின் உயரம் 72 முதல் 75 செ.மீ.; தாழ்வான சோபா மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு செய்தால் கழுத்து கணக்குக் கேட்கும். சின்ன வட்ட மேசையில் லேப்டாப்பும் கோப்பையும் வைத்தபின் நோட்டுக்கு இடம் இருக்காது. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் திரையில் கண்கூசும், வீடியோவில் முகம் கருத்துப் போகும். நேர் எதிரே வைத்தால் கண் களைக்கும். பக்கவாட்டில் இருப்பதுதான் சரி.

பிளக் பாயிண்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட அவசியம் இல்லை. 50 வாட்-மணி பேட்டரியுள்ள லேப்டாப், வீடியோ காலில் 15 வாட் எடுக்கிறது என்று வைத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். மேலே சொன்ன அமைதியான இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு, சுவரோரம் இருக்கும் அந்த ஒற்றை பிளக்குக்காக மோசமான இடத்தில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. நாற்காலியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பெரிது.

தேடும் வரிசை

1. முதலில் வேலையைப் பிரியுங்கள். ஆழ்ந்து செய்ய வேண்டியது, லேசானது, பேச வேண்டியது. ஒரே கடை மூன்றுக்கும் பொருந்துவது அபூர்வம். பேச வேண்டியதை வீட்டிலேயே முடிப்பவருக்கு வைஃபை பற்றிய பாதிக் கவலை கழிந்தது.

2. வீட்டிலிருந்து 15 நிமிட தூரத்தில் உள்ள கடைகளை வரைபடத்தில் குறியுங்கள். அதற்கு மேல் தூரமானால் ஒரு முறை போவீர்கள், பழக்கமாகாது. கஃபே என்று மட்டும் தேடாதீர்கள். நூலகம், புத்தகக் கடை, நாற்றுப்பண்ணை, விளையாட்டு வளாகம் ஆகியவற்றுக்குள் இருக்கும் காபிக் கடைகள் அந்தத் தேடலில் மேலே வராது. அவைதான் பல நேரங்களில் சிறந்தவை, ஏனென்றால் அவற்றுக்கு வருமானம் வேறு பக்கமிருந்தும் வருகிறது.

3. நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று செயலி பட்டைகளாகக் காட்டும் நெரிசல் நேர வரைபடத்தைப் பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் பட்டைகளில் நடுப்பள்ளம் இருக்கிறதா? அதுதான் உங்கள் நேரம். பட்டையே காட்டவில்லை என்றால் போதிய தரவு சேரவில்லை என்று பொருள். கூட்டம் குறைந்த கடையாக இருக்க வாய்ப்பு உண்டு.

4. விமர்சனங்களுக்குள் லேப்டாப், வைஃபை, படிக்க, மீட்டிங் ஆகிய சொற்களைத் தேடுங்கள். ‘சேவை மெதுவாக இருக்கிறது, யாரும் வந்து கேட்கவே இல்லை’ என்ற ஒற்றை நட்சத்திரப் புகார், நமக்கு ஐந்து நட்சத்திரச் செய்தி.

5. வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், கடை போட்டதை அல்ல. யாருடைய தோளுக்குப் பின்னாலாவது லேப்டாப் தெரிகிறதா? மேசை அளவு, கூரை, தரை, பிளக் எல்லாம் அந்தப் படங்களில்தான் மாட்டும்.

6. முதல் முறை வேலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு காபி, இருபது நிமிடம், ஒரு வேகச் சோதனை. கூடவே செல்போன் சிக்னலையும் பாருங்கள். புறநகரில் டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். வெப்பம் தடுக்கும் உலோகப்பூச்சுக் கண்ணாடி போட்ட கடைக்குள் சிக்னல் இன்னும் குறையும். கடை வைஃபை போனால் ஹாட்ஸ்பாட்தான் கதி, அதுவும் வராத கடையில் முக்கியமான நாளில் உட்காரக் கூடாது.

7. வேறொரு நேரத்தில் இரண்டாவது முறை போங்கள். அப்புறம் பட்டியலில் எழுதும்போது கடைப் பெயரோடு நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்: ‘மூலைக்கடை, செவ்வாய் 10 முதல் 12, எழுதுவதற்கு’ என்கிற மாதிரி.

உட்கார்ந்த பிறகு

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை ஆர்டர் கொடுப்பது என்று ஒரு விவாதம் ஓயாமல் நடக்கிறது. கூட்டமான நேரமென்றால் மணிக்கு ஒன்று, காலி நேரமென்றால் ஒன்றரை இரண்டு மணிக்கு ஒன்று என்பது நியாயமாகப் படுகிறது. ஆனால் எல்லாவற்றையும் காபியாகவே குடித்து வாடகை கட்ட முடியாது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபீன் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். குடித்ததில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 3 மணிக்கு மேசைக்கு வாடகையாகக் குடித்த மூன்றாவது கோப்பை இரவு 8 மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும். இரண்டாவது ஆர்டர் சாப்பாடாக இருப்பது உடம்புக்கும் நல்லது, கடைக்கும் பெரும்பாலும் நல்லது.

பேச வேண்டுமென்றால் எழுந்து வெளியே போக வேண்டும். பாதி உரையாடல் பற்றிய அந்த ஆய்வு அடுத்தவர் போனுக்கு மட்டும் பொருந்துவதில்லை; ஹெட்ஃபோன் மாட்டிய நாம்தான் அங்கே அந்தப் பாதி. வாடிக்கையாளர் பெயர், சம்பளத் தொகை, மருத்துவ விவரம் வரும் பேச்சுகளை வெளியே போய்ப் பேசினாலும் போதாது, வீட்டுக்கு ஒத்திவைக்க வேண்டும்.

‘வார இறுதியில் லேப்டாப் அனுமதி இல்லை’ என்ற பலகையைப் பார்த்ததும் பலர் அந்தக் கடையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அது தலைகீழ் வாசிப்பு. அந்தப் பலகை, கடைக்காரர் தன் இருக்கை நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். வார நாட்களில் உங்களை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார். எந்தப் பலகையும் இல்லாத கடையில்தான் எந்த நிமிடம் முகம் மாறும் என்று ஊகித்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. வைஃபையை இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கும் கடையும் இதே வகைதான். எல்லை தெரிந்தால் வேலையை அதற்குள் வெட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, புறநகருக்கே உரிய ஒரு பலவீனம். நகரத்தில் ஒரு கடை மூடியிருந்தால் அடுத்த வாசலில் இன்னொன்று இருக்கும். இங்கே இருக்காது. கரண்ட் போனால் வைஃபை உடனே போகும். வெகுநேரம் வராவிட்டால் அந்தப் பகுதி டவரும் பேட்டரி தீர்ந்து படுத்துவிடும். ஆகவே பட்டியலில் மூன்று கடையாவது இருக்கட்டும், அதில் ஒன்று வேறு பகுதியில், வேறு மின்தடத்தில் இருக்கட்டும். முக்கியமான மீட்டிங்குக்கு 20 நிமிடம் முன்பே அன்றைய வேகத்தை ஒருமுறை சோதித்துவிட்டால், எண் சரியில்லாதபோது வீட்டுக்குத் திரும்ப நேரம் இருக்கும். 15 நிமிட தூரம் என்று மேலே சொன்ன கணக்கு இதற்கும் சேர்த்துத்தான்.